மறு: மிகுபகு எண்ணா, காரணிமுந்து எண்ணா?

> "மிகுபகு எண்" என்றே வைத்துக்கொள்ளலாம். பகு எண் பாடநூலில் உள்ள சொல்தான், உடனே பிடிபடும்.

ஐயா, highly composite number என்பதற்குத் தமிழில் "மிகுபகு எண்" என்று வைத்தால் தவறாகப் பிடிபடுமே என்பதுதான் என் தயக்கம். இராமானுஜன் 1915 கட்டுரையில் எடுத்துக்கொண்டது, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதலான காரணிகள் உள்ள எண்ணை. வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். இரண்டாவதாக நிற்கும் 2 பகா எண். அதைப் போய் "மிகுபகு" என்பதா? ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு, அதை நாமும் சுமக்க வேண்டாம்.

தவிர, காரணிகள் நிறைய இருந்தால் மட்டும் போதாது. 8! = 40320 = 2⁷×3²×5×7. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 8×3×2×2 = 96 காரணிகள். ஆனால் 27720 = 2³×3²×5×7×11 என்ற சிறிய எண்ணுக்கும் 4×3×2×2×2 = 96. நான்கு இரண்டுகளை, அதாவது 16-ஐ, எடுத்துவிட்டு ஒரு 11-ஐ வைத்தால் எண் சிறுக்கிறது, காரணி குறையவில்லை. 40320 தேறாதது இதனால்தான். 7! = 5040 தேறிவிடும், 60 காரணிகள். சிறியவற்றை முந்துவதே இதன் இலக்கணம் என்பதால் "காரணிமுந்து எண்" என்கிறேன்.

---

> சிறியவற்றை முந்துவதே இதன் இலக்கணம்

இதை முழுக்க ஏற்கிறேன். சொல்லில்தான் சிக்கல். பள்ளிக் கணக்கில் "முன்னி" என்றால் ஓர் எண்ணுக்கு முந்தைய எண். பக்கத்திலேயே "முந்து" வந்தால் மாணவர் குழம்புவார். "முகடு" என்று யோசித்தேன், அது புள்ளியியலில் ஏற்கெனவே குடியிருக்கிறது. "உச்சம்" சரிவராது, இந்த வரிசைக்கு முடிவே இல்லை.

முன்னி, தொடரி போலவே காரணிவிஞ்சி என்று வைப்போமே. பகு எண்ணை இலங்கைப் பாடநூல் சேர்த்தி எண் என்கிறது, காரணி என்ற சொல்லோ இரு கரைக்கும் பொது. அதனாலும் இந்த அடிச்சொல் நல்லது.

பெரிய எண்ணில் வைத்துப் பார்த்தேன். இராமானுஜன் பட்டியலின் கடைசி எண் 6746328388800 = 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. அடுக்குகள் இடமிருந்து வலம் ஏறவே இல்லை பாருங்கள். எங்காவது ஏறியிருந்தால் இரண்டு அடுக்குகளை இடம் மாற்றி, அதே எண்ணிக்கைக் காரணிகளோடு சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். காரணிகள் 7×5×3×3×2⁵ = 10080. இதை 23-ஆல் வகுத்தால் 293318625600. காரணிகள் சரிபாதி, 5040. "இதுவும் காரணிவிஞ்சிதான், இராமானுஜன் பட்டியலில் விடுபட்டுவிட்டது" என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் இடறவில்லை.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். 6, 8, 10 மூன்றுக்கும் நான்கு நான்கு காரணிகள். 8-உம் 10-உம் விஞ்சவில்லை, தாழவுமில்லை. இவற்றையும் சேர்த்துக்கொள்ளும் வகைக்குப் பகா எண் போலவே "காரணிதாழா எண்" என்று முன்வைக்கிறேன். எல்லாக் காரணிவிஞ்சிகளும் இதில் அடங்கும்.

சொல்வங்கியில் இப்படி ஏற்றலாமா?

காரணிவிஞ்சி: தன்னைவிடச் சிறிய ஒவ்வொரு மிகை முழு எண்ணையும்விடக் கூடுதலான காரணிகள் உடைய மிகை முழு எண். எ.கா. 12, 5040, 720720.