அந்த ஆறு பையன்களோடு ஒரு மாலை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஈஸ்ட் ஹாம்காரன்

நாடகத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. 'ஃபார் பிளாக் பாய்ஸ் ஹூ ஹேவ் கன்சிடர்ட் சூசைட் வென் த ஹ்யூ கெட்ஸ் டூ ஹெவி'. நிறம் தாங்க முடியாத பாரமாகும்போது தற்கொலையை யோசித்த கறுப்பினப் பையன்களுக்காக, என்று அர்த்தம். எழுதியவர் ரயன் கலே கேமரன். நான் பார்த்தது 2024ல், லண்டன் கேரிக் தியேட்டரில். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன் ஒருவன், கானாவிலிருந்து வந்த குடும்பம், ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது வருகிறாயா என்று கேட்டான். தலைப்பிலேயே தற்கொலை இருக்கிறதே, வெள்ளிக்கிழமை அதுவுமாக இது தேவையா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன்.

போனால் ஒரே சிரிப்பு. குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் சிகிச்சைக்கு வந்த ஆறு கறுப்பின இளைஞர்கள். ஆனிக்ஸ், பிட்ச், ஜெட், சேபிள், ஆப்சிடியன், மிட்நைட். ஆறு பெயருமே கறுப்பின் சாயல்கள்: ஒன்று கல், ஒன்று தார், ஒன்று நள்ளிரவு. டாக்டர் என்று மேடையில் யாரும் கிடையாது. அவர்களே பேசுகிறார்கள், அவர்களே ஒருவரையொருவர் கலாய்க்கிறார்கள், திடீரென்று எழுந்து ஆடுகிறார்கள். ஒருவன் உள்ளே கிடப்பதைச் சொல்ல வாயெடுத்தால், இன்னொருவன் ஒரு ஜோக்கைத் தூக்கிப் போட்டுவிடுவான். முதல் அரைமணி நேரம் இதை வெறும் காமெடி என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஜோக் விழுகிற இடமெல்லாம் யாரோ ஒருவன் சொல்ல வந்ததை விழுங்குகிற இடம் என்று.

இன்னொன்று, தியேட்டரில் யாரும் சும்மா இருக்கவில்லை. லண்டன் வெஸ்ட் எண்டின் பெரிய தியேட்டர்களில் இருமினாலே திரும்பிப் பார்ப்பார்கள், தெரியும்தானே. இங்கே மேடையைப் பார்த்து 'ஆமா, ஆமா' என்று குரல் கொடுக்கிறார்கள், பாட்டு வந்தால் கூடவே பாடுகிறார்கள். எனக்கு ஊரில் திருவிழா நாடகம் பார்த்த ஞாபகம்தான் வந்தது.

இடைவேளையில் இருவரும் ஐஸ்கிரீம் வாங்கினோம். நண்பன் மூடிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கரண்டியை எடுத்துக் கையில் வைத்தபடியே நின்றான். சாப்பிடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பும்போது டியூப் ரயிலில், எதிர் ஜன்னலைப் பார்த்தபடி, "எங்க அப்பா என்னைக் கடைசியா எப்ப கட்டிப்பிடிச்சார்னு யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகம் வரல" என்றான். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இரண்டு ஸ்டேஷன் போயிருக்கும். "சரி, நாளைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?" என்றான். நானும் மணியைச் சொன்னேன்.

அந்த மணியைச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. நீங்கள் யாராவது பார்த்தீர்களா? எழுதுங்கள்.

வார்டு நர்ஸ்

அண்ணா, அந்த மேட்ச் டைம் கேள்வி டியூட்டியில் தினமும் என் காதில் விழுகிறது. எட்டு வருடமாக மனநல வார்டில் வேலை. இங்கிலாந்தில் மனநலச் சட்டப்படி கட்டாயமாக அனுமதிக்கப்படுகிறவர்கள் விகிதத்தில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். புள்ளிவிவரத்தை விடுங்கள், என் வார்டுக்குள் நுழைந்து ஒரு சுற்று பார்த்தாலே தெரியும். நிறையப் பேர் முதலில் டாக்டரைத் தேடி வருவதில்லை, போலீஸோடு வருகிறார்கள். வருகிறபோதே ஃபைலில் 'ஆக்ரோஷமானவர்' என்று ஒரு வார்த்தை ஏறியிருக்கும். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் ஆளைப் பார்க்கும் முன்னால் அந்த வார்த்தையைத்தான் பார்ப்பார்.

ஒருமுறை ஒரு பையன், இருபதைத் தாண்டியிருக்க மாட்டான். நல்ல உயரம். தினமும் காலையில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். "ஐம் குட், பாஸ்." மூன்று வாரமும் இதே பதில். ஒருநாள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன், ஆள் பற்றாக்குறை. அவனே வந்து அந்தப் பக்கத்து முனையைப் பிடித்தான். மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகும்போது இருவரும் குனிந்துதானே இருப்போம், முகம் பார்க்க வேண்டியதில்லை. அப்போது சொன்னான், அவன் அண்ணன் இறந்ததையும், அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பெயரையே எடுக்காததையும். மூன்று வாக்கியம்தான். நான் நிமிர்ந்திருந்தால் நிறுத்தியிருப்பான் என்று நினைக்கிறேன். மறுநாளும் வேண்டுமென்றே அவன் கட்டிலுக்குத்தான் முதலில் விரிப்பு மாற்றப் போனேன். அன்றைக்கு ஃபுட்பால் மட்டும்தான் பேசினான், அதுவும் சரிதான்.

நாடகத்தில் அந்தப் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் பேசத் தொடங்கினபோது எனக்கு அந்த விரிப்புதான் ஞாபகம் வந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2010ல் ஓலசெனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், தானாகவே சிகிச்சைக்கு வந்தவர், தென் லண்டன் மருத்துவமனையில் பதினோரு போலீஸ்காரர்கள் பிடித்து அமுக்கியதில் உயிரிழந்தார். பெற்றோர் விடாமல் போராடியதில் 2018ல் ஒரு சட்டம் வந்தது. அவர் பெயரால் 'செனிஸ் லா' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனநல வார்டுக்குள் போலீஸ் வந்தால் உடம்பில் கேமரா இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் ஒன்று. பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்த நாளில் பக்கத்தில் இருந்த நைஜீரிய சக நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், அப்புறம் எதையும் எழுதவில்லை.

படித்துவிட்டு யாருக்காவது மனசு பாரமாக இருந்தால், பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் எண் 116 123. எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

பழைய நாடகப் பைத்தியம்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் இதை 2021 அக்டோபரில் நியூ டயோரமாவில் பார்த்தேன். எண்பது இருக்கை உள்ள சின்ன அரங்கு, கொரோனாவுக்குப் பயந்து பாதிப் பேர் மாஸ்க்கோடு. நடிகனின் கழுத்து வியர்வை தெரிகிற தூரம். அப்புறம் ராயல் கோர்ட் தியேட்டர், 2023ல் அப்போலோ தியேட்டர் என்று நாடகம் இடம் மாறியது. அப்போலோவில் மறுபடி பார்த்தபோது எல்லாம் பெரிதாகிவிட்டிருந்தது, குரல், ஆட்டம், விளக்கு எல்லாம். எண்பது பேருக்கு முன்னால் முணுமுணுத்த இடத்தை அங்கே அறிவிக்கிறார்கள். அதோடு, ஆறு பேருக்கும் ஆளுக்கொரு துயரம் என்று பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி ஒரு நெருடல் எனக்கு முதலிலேயே உண்டு. அப்பாவின் அடி ஒருவனுக்கு, போலீஸ் சோதனை இன்னொருவனுக்கு என்று.

ஆனால் அந்த வடிவம் அவர் சும்மா எடுத்ததல்ல. 1976ல் நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்த என்டொசாகே ஷாங்கேயின் 'ஃபார் கலர்ட் கேர்ள்ஸ் ஹூ ஹேவ் கன்சிடர்ட் சூசைட் / வென் த ரெயின்போ இஸ் இனஃப்' நாடகம் இதற்குத் தாய். அதில் ஏழு கறுப்பினப் பெண்கள், ஆளுக்கொரு நிறத்தில் உடை, கவிதையும் ஆட்டமும் கலந்து சொல்வார்கள். 'கோரியோபோயம்' என்று ஷாங்கே தானே பெயர் வைத்தார். கேமரன் அந்தத் தலைப்பை ஆண்களின் பக்கம் திருப்பிவிட்டார். 2012ல் ஃப்ளோரிடாவில் டிரேவன் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் அவரை எழுத உட்கார வைத்தது. அங்கே ஏழு வண்ணம், இங்கே ஆறும் கறுப்பு. அந்த ஒரு யோசனைக்காகவே என் புகார்களைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாமியார் வீட்டு டிவி

நான் இதைப் பார்க்கவில்லை, ஆனால் 2017ல் நேஷனல் தியேட்டரில் இனுவா எல்லம்ஸின் 'பார்பர் ஷாப் க்ரானிக்கிள்ஸ்' பார்த்தேன். லண்டன், லாகோஸ், ஆக்ரா, கம்பாலா, ஜோஹன்னஸ்பர்க், ஹராரே என்று ஆறு ஊர் சலூன்கள். ஆரம்பிக்கும் முன்பே நடிகர்கள் பார்வையாளர்களை மேடைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து முடிவெட்டுகிற மாதிரி பாவனை செய்வார்கள். என் வீட்டுக்காரரை இழுத்துப் போனார்கள். அவருக்கு வெட்ட ஒன்றுமில்லை. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு "வேலை எப்படிப் போகுது?" என்று நடிகர் கேட்க, மனுஷன் ஐந்து நிமிடம் பேசினார். என்னிடம் அவ்வளவு பேசி வருடக் கணக்காகிறது.

ஹாரோ வாசகன்

இதெல்லாம் அப்படியே நம்ம பையன்கள் கதைதான். 'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்று சொல்லித்தானே வளர்க்கிறோம். பெயரை மாற்றினால் நம்ம ஊர் நாடகம்.

க்ரோய்டன் டீச்சர்

தம்பி, அழுகையை அடக்குவது மட்டும்தான் கதை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெயரை மாற்றினால் நம்ம ஊர் நாடகம் ஆகிவிடாது. என் வகுப்பில் பதின்மூன்று வயதிலேயே ஆறடியை எட்டிவிட்ட ஒரு கறுப்பினப் பையன் இருந்தான். முகத்தைப் பார்த்தால் குழந்தை, பின்னாலிருந்து பார்த்தால் ஆள். ஒருநாள் காலையில் இருபது நிமிடம் தாமதமாக வந்தான். ஏன் என்று கேட்டேன், ஒன்றுமில்லை மிஸ் என்றான். தாமதம் என்று பதிவேட்டில் நானே போட்டேன், விதிப்படி பள்ளி முடிந்து அரைமணி நேரம் உட்காரவும் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது, பஸ் ஸ்டாப்பில் போலீஸ் அவன் பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்திருக்கிறது. ஜியாமெட்ரி பாக்ஸ், டிபன், விளையாட்டு ஷூ, எல்லாம் நடைபாதையில். கூடப் படிக்கிறவர்கள் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

என் மகன் அதே வயது, அதே பஸ். அவனுக்கு ஒருநாளும் இப்படி நடந்ததில்லை.

நாடகத்தின் தொடக்கத்தில் பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து முத்தம் கொடுக்கிற விளையாட்டு வரும். அந்த வயதிலேயே ஒரு பையன், நீ கறுப்பு என்று ஒதுக்கப்படுகிறான். அரங்கு முழுக்க ஒரு மாதிரி சிரிப்பு எழுந்து பாதியிலேயே நின்றது. எனக்கு அந்தப் பதிவேடு கண்முன் வந்தது.

கடைக்காரப் பெடியன்

டீச்சர் அக்கா எழுதினதை வாசித்த பிறகு இதை எழுதாமல் இருக்க ஏலாது. நான் லூயிஷம் பக்கம் மாமாவின் கடையில் படிக்கிற காலத்திலிருந்து நிற்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்குப் பெடியன்கள் வருவார்கள். 'ஒரு நேரத்தில் இரண்டு மாணவர்கள் மட்டும்' என்று கதவில் தாள் ஒட்டியிருக்கும், லண்டனில் எத்தனையோ கடைகளில் அப்படித்தான். ஆனால் அந்தத் தாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. வெள்ளைப் பிள்ளைகள் நாலு பேர் வந்தால் மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். கறுப்புப் பெடியன்கள் மூன்றாவது ஆள் காலை வைத்தால், "தம்பி, அந்தக் கறுவலைப் பார்" என்று தமிழில் குரல் வரும். நான் சிப்ஸ் அடுக்குகிற மாதிரிப் பின்னால் போய் நிற்பேன்.

அந்தச் சொல்லை நாங்கள் கெட்ட சொல் என்று நினைத்ததே இல்லை. வீட்டில், கடையில், கோயில் வாசலில், எங்கேயும் சாதாரணமாக வரும். நாங்கள் மட்டும் என்னவோ வெள்ளை மாதிரி.

நாடகத்தில் அந்த ஆறு பேரும் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும், ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்குகிற வசைச் சொல்லைத் தாங்களே பாவிக்கலாமா, கூடாதா என்று சண்டை பிடிக்கிற கட்டம் ஒன்று இருக்கிறது. தியேட்டரே இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கையை உயர்த்தி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்குள்ளே அவர்கள் சண்டை பிடிக்கலாம். என்னிடம் இருந்த சொல் வேறு, அதைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்த கிழமை கடையில் நின்றேன். மூன்று பெடியன்கள் வந்தார்கள். மூன்றாமவன் தாளைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமலே வெளியில் நின்றுகொண்டான். மழைத் தூறல் வேறு. உள்ளே வா என்று கையைக் காட்டினேன். அவன் வரவில்லை. "ஐம் குட்" என்றான்.

தாள் இன்னும் கதவில்தான் இருக்கிறது. கடை மாமாவுடையது. கிழிந்தால் புதிதாகப் பிரின்ட் எடுத்து ஒட்டுகிறவன் நான்தான். இந்த முறை ஒரு மூலை கிளம்பியிருக்கிறது, செலோடேப் இன்னும் எடுக்கவில்லை.