ஸ்டீரியோ என்கோடர் பொருத்தும்போது நீங்கள் சந்தித்தது என்ன? சென்னை எஃப்.எம். தொழில்நுட்பக்காரர்களின் அனுபவங்கள்

திருவான்மியூர் ஒலிப்பொறியாளர்

எஃப்.எம். நிலையங்களில் ஸ்டீரியோ என்கோடரை (இட, வல ஒலிகளை ஒரே அலையாகச் சேர்த்து டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் பெட்டி) பொருத்தி அளவு சரிபார்க்கிறவர்கள் நம் ஊரில் கணிசமாகவே இருக்கிறோம். ஆனால் ஒருவர் கண்டுபிடித்த கோளாறு அவரோடு நின்றுவிடுகிறது. அடுத்தவர் அதே கோளாறோடு மறுபடியும் முதலிலிருந்து மல்லுக்கட்டுகிறார். எனக்கு நேர்ந்த ஒன்றை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

கல்லூரி வளாகம் ஒன்றில் இயங்கும் சமுதாய வானொலி. 50 வாட் டிரான்ஸ்மிட்டர். புதிய என்கோடரைப் பொருத்தியவர்கள் வேலையை முடித்துப் போன பிறகு என்னை அழைத்தார்கள். மாணவர்கள் கைபேசியில் இயர்போன் மாட்டிக் கேட்டால் பாட்டு முன்பைவிட விரிந்து, இரு காதையும் தாண்டிப் பரவுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வளாக வாசலில் இருக்கும் டீக்கடைக்காரர், "உங்கள் ரேடியோவில் ஆள் பேசுவதே கேட்பதில்லை, பின்னால் வாசிக்கிற இசை மட்டும் லேசாக வருகிறது" என்று சொல்லியிருக்கிறார். கடை ரேடியோ பழசு, அதில்தான் கோளாறு என்று நிலையத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.

கடைக்காரர் சொன்னது முழுக்க உண்மை. ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடம், வலம் என்று இரண்டு ஒலிகள் தனித்தனியாகப் போவதில்லை. இரண்டையும் கூட்டிய அலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை அப்படியே போகிறது. இடத்திலிருந்து வலத்தைக் கழித்த அலை 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறிக்கொள்கிறது. நடுவில் 19 கிலோஹெர்ட்ஸில் பைலட் தொனி, இது ஸ்டீரியோ ஒலிபரப்பு என்று ரேடியோவுக்குக் காட்டும் அடையாளம். ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ கூட்டல் அலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிக்ஸரிலிருந்து என்கோடருக்கு வரும் இரண்டு கேபிள்களில் ஒன்றில் துருவம் (நேர், எதிர் கம்பிகள்) மாறியிருந்தால், இரு பக்கமும் சமமாக இருக்கும் அறிவிப்பாளரின் குரல் கூட்டும்போது சுழியாகிவிடும். பாட்டில் இரு பக்கமும் வேறுபடுகிற பகுதிதான் மிஞ்சும்.

வலப்பக்கக் கேபிளின் எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முள் கொண்ட ஒலி) பிளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்புக் கம்பி 3ஆம் முள்ளிலும் வெள்ளைக் கம்பி 2ஆம் முள்ளிலும் பற்றவைக்கப்பட்டிருந்தன. இடப்பக்கத்தில் சிவப்பு 2இல், வெள்ளை 3இல். பற்றவைப்பு பளபளவென்று, குறை சொல்ல முடியாத வேலை, வரிசைதான் மாறிவிட்டது. மாற்றிப் பற்றவைத்ததும் டீக்கடையில் அறிவிப்பாளரின் குரல் கணீரென்று வந்தது.

அதிலிருந்து எந்த நிலையத்துக்குப் போனாலும் முதல் சோதனை இதுதான்: இரு பக்கமும் ஒரே 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை, ஒரே அளவில் கொடுத்து, என்கோடரின் கூட்டு வெளியீட்டை (கூட்டல், கழித்தல், பைலட் மூன்றும் சேர்ந்த அலையை) பார்ப்பேன். 1 கிலோஹெர்ட்ஸும் பைலட்டும் மட்டுமே தெரிய வேண்டும். 38 கிலோஹெர்ட்ஸின் இரு பக்கமும் ஏதாவது முளைத்திருந்தால், அந்தக் கேபிள்களைப் பார்க்காமல் வேறு எதையும் தொடுவதில்லை.

மந்தைவெளி, ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர்

தம்பி சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறார். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று இந்த ஊரில்தான் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்களான நாம் இதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்றும் உண்டு.

நான் சொல்வது மார்கழிக் கச்சேரி ஒலிபரப்பு ஒன்றைப் பற்றி. நிகழ்ச்சி தொடங்கிச் சிறிது நேரத்தில் நிலையத்துக்கு ஒரு நேயர் தொலைபேசியில் அழைத்தார். "வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றனவா?" என்று கேட்டார். பாடுகிறவரின் இடக்கைப் பக்கம் வயலின், வலக்கைப் பக்கம் மிருதங்கம் என்பது மேடை வழக்கம். எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு மிருதங்கம் இடப்பக்கம் கேட்க வேண்டும். அவருக்கு வலப்பக்கம் கேட்டிருக்கிறது. அன்று பகலில் என்கோடரை மாற்றியிருந்தார்கள். உள்ளீட்டுக் கேபிள்கள் இரண்டும் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. அளவு, துருவம், பைலட் எல்லாம் சரி. எந்த மீட்டரும் இதைக் காட்டியிராது. அந்த ரசிகரின் காது காட்டியது. ஆகவே இரு பக்கமும் ஒரே தொனி கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். இடப்பக்கம் மட்டும் கொடுத்து, வேறொரு ரேடியோவில் எந்தக் காதில் வருகிறது என்று கேளுங்கள்.

அப்படி இடப்பக்கம் மட்டும் கொடுக்கும்போதே ஆசிலோஸ்கோப்பையும் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பாருங்கள். பைலட்டை அணைத்துவிட வேண்டும். கூட்டு அலையை ஸ்கோப்பில் விட்டு, தொனியையே ட்ரிகராக (படத்தைத் திரையில் அசையாமல் நிறுத்தும் சைகையாக) கொடுத்தால், ஒரு சைன் அலைக்கும் சுழிக்கோட்டுக்கும் நடுவில் உள்ள இடம் முழுவதும் நிரம்பினாற்போல் ஓர் உருவம் வரும். பார்க்க வேண்டியது அந்தச் சுழிக்கோட்டை. அது ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்க வேண்டும். லேசாக வளைந்து நெளிந்தால் கூட்டல் அலையும் கழித்தல் அலையும் சமமாக இல்லை என்று பொருள். இரண்டுக்கும் 10 சதவீதம் வித்தியாசம் வந்தாலே இட வலப் பிரிப்பு (ஒரு பக்க ஒலி மறுபக்கம் கசியாமல் இருக்கும் அளவு, டெசிபெல் கூடினால் நல்லது) சுமார் 26 டெசிபெல்லுக்கு விழுந்துவிடும். 40 டெசிபெல் வேண்டுமென்றால் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். பழைய அனலாக் என்கோடர்களில் இதற்கென்றே ஒரு சின்னத் திருகு இருக்கும். ஸ்குரூடிரைவரை மெல்லத் திருப்பத் திருப்ப அந்தக் கோடு நிமிர்வதைப் பார்ப்பதில் எனக்கு ஒருபோதும் அலுப்பு வந்ததில்லை.

இன்றைய டிஜிட்டல் என்கோடர்களில் திருகு இல்லை, எல்லாம் கணக்கிலேயே சரியாக வந்துவிடும் என்பார்கள். என்கோடரின் வாயில் சரியாகத்தான் இருக்கும். கேபிளைக் கடந்து எக்ஸைட்டருக்குள் (டிரான்ஸ்மிட்டரில் ஒலியை எஃப்.எம். அலையாக்கும் பகுதி) போன பிறகும் சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்து நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. 100 ஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும் அளக்க வேண்டும். எக்ஸைட்டரில் கீழ்ச்சுருதி சரிந்தால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடது முகத்தின் நாதம் மட்டும் மறுபக்கம் கசியும்.

ரிச்சி தெரு, பழுதுபார்ப்பவர்

ஐயா கேபிளைக் கடந்த பிறகு என்று சொன்னதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஸ்டுடியோ தரைத்தளத்தில், டிரான்ஸ்மிட்டர் மொட்டை மாடி அறையில். என்கோடரை ஸ்டுடியோ ரேக்கில் வைத்து, கூட்டு அலையைச் சுமார் 30 மீட்டர் கோஆக்சியல் கேபிளில் மேலே அனுப்பியிருந்தார்கள். கீழே அளந்தால் பிரிப்பு மிக நன்றாக இருக்கிறது. காற்றில் பிடித்து அளந்தால் 27 டெசிபெல் பக்கம்தான் வருகிறது. என்கோடரைக் குறை சொல்லி என்னிடம் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை.

கணக்குப் போட்டால் விளங்கும். அந்த வகைக் கேபிளில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் மின்தேக்கம். 30 மீட்டருக்கு 3,000. என்கோடரின் வெளியீட்டு மின்தடை 600 ஓம். இரண்டும் சேர்ந்தால் 88 கிலோஹெர்ட்ஸிலிருந்து மேலே வெட்டுகிற வடிகட்டி. 38 கிலோஹெர்ட்ஸில் ஏற்கெனவே சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். கூட்டல் அலை அப்படியே போகிறது, கழித்தல் அலை இளைத்துப் போகிறது. நான் என்கோடரை மாடிக்கு ஏற்றி எக்ஸைட்டருக்குப் பக்கத்தில் வைத்து, கீழிருந்து சாதாரண இட வல ஒலிக் கேபிள்களை மேலே கொண்டுவந்தேன். பிரிப்பு நேராகிவிட்டது. இடமிருந்தால் எல்லோரும் இப்படித்தான் வைக்க வேண்டும். 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி நீளக் கேபிளைத் தாங்கும், 53 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் கூட்டு அலை தாங்காது.

வேறோர் இடத்தில் எக்ஸைட்டரின் பின்பக்கம் தப்பான ஓட்டையில் செருகியிருந்தார்கள். மோனோ உள்ளீட்டுக்குள் கூட்டு அலை போனால் அங்கே இருக்கும் 15 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி பைலட்டை விழுங்கிவிடும். ரேடியோவில் ஸ்டீரியோ விளக்கு எரியவே இல்லை.

சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு: உப்புக் காற்றில் பி.என்.சி. கனெக்டரின் (கோஆக்சியல் கேபிளின் முனைச் செருகி) நடு முள் பச்சை பூத்துவிடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது, கழற்றிப் பார்க்க வேண்டும்.

பொறியியல் மாணவர், குரோம்பேட்டை

ஐயா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளாக வானொலியில் என்கோடர் பொருத்தப்போகிறோம். மாடுலேஷன் மீட்டர் (ஒலி அலைவரிசையை எவ்வளவு அசைக்கிறது என்று அளக்கும் கருவி) இல்லை. ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் (சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கோடுகளாகக் காட்டும் கருவி) இருக்கிறது. பைலட் 9 சதவீதம் இருக்கிறதா என்று அதில் பார்க்க முடியுமா?

வளசரவாக்கம், தனியார் நிலைய ஒலிக்கட்டுப்பாட்டாளர்

தம்பியின் கேள்விக்குத் திருவான்மியூர்க்காரர் பதில் சொல்லட்டும், அவர் அதில் கைதேர்ந்தவர். நான் பிரீஎம்பசிஸ் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் ஒரு பெண் தேவையில்லாமல் வேதனைப்பட்டதைப் பார்த்தேன்.

நான் முன்பு வேலை பார்த்த நிலையத்தில் ஒலிச் செயலி (ஆடியோ பிராசஸர்), என்கோடர் இரண்டும் புதிதாக வந்தன. அந்த வாரத்திலிருந்து செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் சகரம் எல்லாம் சீறியது. "செய்திச் சுருக்கம்" என்று தொடங்கினாலே காதில் குத்தும். மைக்கை மாற்றினார்கள். மைக்குக்கு உறை போட்டார்கள். தள்ளி உட்காரச் சொன்னார்கள். கடைசியில் உச்சரிப்புப் பயிற்சிக்குப் போகும்படி அவரிடமே சொல்லிவிட்டார்கள். நல்ல தமிழ் உச்சரிப்பு உள்ளவர். தன் நாக்கின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உயர் அதிர்வெண் ஒலிகளை அனுப்பும்போது தூக்கி, ரேடியோவில் அதே அளவு இறக்குவதுதான் பிரீஎம்பசிஸ். நம் நாட்டில் 50 மைக்ரோசெகண்ட், அமெரிக்காவில் 75. ஒரே ஒரு இடத்தில்தான் தூக்க வேண்டும். அங்கே செயலியும் தூக்கியது, என்கோடரும் தூக்கியது. நான் செயலியின் லிமிட்டரை (ஒலி எல்லை தாண்டாமல் அடக்கும் பகுதி) விலக்கிவிட்டு, 400 ஹெர்ட்ஸ் தொனியையும் 10 கிலோஹெர்ட்ஸ் தொனியையும் ஒரே தாழ்ந்த அளவில் கொடுத்து அளந்தேன். 50 மைக்ரோசெகண்ட் என்றால் 10 கிலோஹெர்ட்ஸ் சுமார் 10.4 டெசிபெல் உயர்ந்திருக்க வேண்டும். அங்கே ஏறக்குறைய 21 இருந்தது. சரியாக இரண்டு மடங்கு. (ஒருவேளை 13.7 வந்திருந்தால் 75 மைக்ரோசெகண்டில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் அதையும் பார்த்திருக்கிறேன்.)

என்கோடரில் இருப்பதை அணைத்தேன், செயலியில் இருப்பதை விட்டுவைத்தேன். காரணம் உண்டு: செயலியின் லிமிட்டர், தூக்கப்பட்ட பிறகு இருக்கும் ஒலியைப் பார்த்து அடக்க வேண்டும். அடக்கிய பின் என்கோடர் தூக்கினால் ஒவ்வொரு சகரமும் 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் எல்லையை (ஒலிக்கேற்ப அலைவரிசை இரு பக்கமும் அசையலாம் என்ற வரம்பை) தாண்டிக் குதிக்கும், பக்கத்து அலைவரிசைக்காரரும் புகார் சொல்வார். அளந்த எண்களைத் தாளில் எழுதி நிலையத் தலைமையிடம் கொடுத்து, அந்தப் பெண்ணிடம் நேரில் வருத்தம் தெரிவிக்கச் சொன்னேன். தெரிவித்தார்கள்.

திருவான்மியூர் ஒலிப்பொறியாளர்

வளசரவாக்கம் அம்மா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. பெட்டியின் அமைப்பைப் பார்க்காமல் ஆளைத் திருத்தப் போவது நம் நிலையங்களில் இன்னும் நடக்கிறது. அந்த 400, 10,000 ஹெர்ட்ஸ் சோதனையை இனி நானும் தவறாமல் செய்யப்போகிறேன்.

குரோம்பேட்டைத் தம்பிக்கு: முடியும், நன்றாகவே முடியும். முதலில் ஆன்டெனாவைக் கழற்றி டிரான்ஸ்மிட்டரை 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்கும் பெட்டி) மாட்டுங்கள். உரிமம் கைக்கு வரும் முன் காற்றில் எதையும் விடக்கூடாது. உரிமம் இருந்தாலும் சோதனைத் தொனியை நேயர்கள் கேட்க வேண்டியதில்லை. அனலைசருக்கு நேரடியாக இணைப்புக் கொடுக்காதீர்கள், 50 வாட் அதை எரித்துவிடும். லோடுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கம்பியை வைத்தால் போதுமான சிக்னல் கிடைக்கும்.

மொத்த டீவியேஷனை முதலில் சரிபாருங்கள். என்கோடரைக் கழற்றிவிட்டு, ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து 13.587 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை எக்ஸைட்டரின் கூட்டு உள்ளீட்டில் நேராகக் கொடுங்கள். அளவைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றினால் நடுவில் இருக்கும் கேரியர் (நிலையத்தின் அடிப்படை அலை) கோடு குறைந்து ஒருமுறை மறையும். அது 32.7 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன். அங்கே நிறுத்திவிடாதீர்கள். மேலும் ஏற்றினால் திரும்ப வளர்ந்து இரண்டாம் முறை மறையும். அதுதான் 75 கிலோஹெர்ட்ஸ், அதாவது 100 சதவீதம். அப்போது உள்ளீட்டில் எத்தனை வோல்ட் என்று ஸ்கோப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். என்கோடரின் உச்ச வெளியீடு அந்த வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

இனி பைலட். என்கோடரை மாட்டி, ஒலியை முழுவதும் நிறுத்திப் பைலட்டை மட்டும் விடுங்கள். கேரியருக்கு இரு பக்கமும் 19 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு கோடுகள் நிற்கும். 9 சதவீதம் என்றால் டீவியேஷன் 6.75 கிலோஹெர்ட்ஸ், அந்தக் கோடுகள் கேரியரைவிடச் சுமார் 15 டெசிபெல் கீழே இருக்கும். 8 சதவீதத்துக்கு 16 டெசிபெல் கீழே, 10 சதவீதத்துக்கு 14 டெசிபெல் கீழே. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் ரேடியோக்கள் ஸ்டீரியோவைப் பிடித்துக்கொள்ளும். பைலட் எடுத்துக்கொண்ட 9 சதவீதம் போக 91தான் ஒலிக்கு மிஞ்சும் என்பதை லிமிட்டரை அமைக்கும்போது கணக்கில் வையுங்கள். பிற்காலத்தில் 57 கிலோஹெர்ட்ஸில் ஆர்.டி.எஸ். (நிலையப் பெயரை ரேடியோவில் எழுத்தாகக் காட்டும் தரவு) சேர்த்தால் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

குறித்த வோல்ட்டையும் பைலட் அளவையும் நிலையத்துப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். கேபிளை மாற்றினாலோ எக்ஸைட்டரைப் பழுதுபார்த்தாலோ இரண்டையும் திரும்ப அளக்க வேண்டும்.