வீட்டுப் பெரியவருக்குப் போட்டோ எடிட் பண்ண பட்ஜெட் கம்ப்யூட்டர்: வாங்கிக் கொடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

நெகட்டிவ் பெட்டி:

எங்க பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஸ்டூடியோ வெச்சிருந்தவர். பிலிம் காலத்து ஆள். நெகட்டிவ் மேலேயே பென்சில் வெச்சு அம்மைத் தழும்பை மறைச்ச கை. டிஜிட்டல் வந்ததும் கடையை மூடிட்டார். இப்ப வயசு 71. வீட்ல கிடக்கிற நெகட்டிவை எல்லாம் ஸ்கேன் பண்ணி, சுத்தம் பண்ணி, பேரப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டுப் போகணும்னு ஆசை. 35 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும்னு அண்ணன் ஒரு கடையில காம்போ பேசி எடுத்துட்டு வந்தான். ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி, கீபோர்டு, மவுஸ், 18.5 இன்ச் மானிட்டர்.

முதல் படமே அக்கா கல்யாண போட்டோ. பெரியப்பா உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்னு பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். அப்புறம் மெதுவா, "ஏன்டா, நான் நின்னா பொண்ணு வெளுக்குது, உட்கார்ந்தா கருக்குது. இதுல எந்தப் பொண்ணுக்குடா நான் கரெக்‌ஷன் போடறது?"ன்னார்.

மானிட்டர்ல இருந்தது டிஎன் பேனல், மலிவு வகைத் திரை. தலையைக் கொஞ்சம் ஏத்தி இறக்கினாலே நிறம் மாறும். கடைக்குப் போன் போட்டா, "அந்த ரேட்டுக்கு அதுதான் சார் வரும், திருப்பி எடுக்க மாட்டோம்"னு வெச்சுட்டான். பேசின அரை மணி நேரமும் ஐ5, ஐ5ன்னே ஓட்டினவன், பேனல்ங்கிற வார்த்தையை வாயில எடுக்கல. கடைசியில எங்க இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவா மாறாத ஐபிஎஸ் பேனல்ல 22 இன்ச் மானிட்டர் ஒண்ணு தனியா வாங்கினோம். பழையது இப்ப வாசல் கேமரா பார்க்க ஓடுது. இருந்தாலும் அவர் அன்னிக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தது என் கண்ணைவிட்டுப் போக மாட்டேங்குது. உங்க வீட்ல எப்படிப் போச்சு?

மதுரைக்காரி:

எங்க வீட்ல பிரச்சனை கம்ப்யூட்டரே இல்ல, பிக்காசாங்கிற போட்டோ சாஃப்ட்வேர். எங்க அத்தைக்கு அதைத் தவிர வேற எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டாங்க. கூகுள் அதை 2016ல கைவிட்டப்பவும் அத்தை கைவிடல. பழைய லேப்டாப்புல அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. லேப்டாப் திணற ஆரம்பிச்சதும் புதுசு ஒண்ணு வாங்கி, என் மகன் படங்களை மட்டும் செலக்ட் பண்ணிக் காப்பி எடுத்துப் போட்டான். வேலை முடிஞ்சுதுன்னு காபி போட உள்ள போனேன். ஹால்ல இருந்து ஒரு கத்தல்.

ஓடி வந்து பார்த்தா, மாமாவோட அறுபதாம் கல்யாண போட்டோவுல ஓரமா ஒரு ஆள் நிக்கிறார். சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷன். சொத்துத் தகராறுல பேச்சு நின்னு போனவர். அத்தை எந்தக் காலத்துலயோ அவரை கிராப் பண்ணித் தூக்கியிருந்தாங்க. இப்ப வேட்டி சட்டையோட திரும்ப வந்து நிக்கிறார். "இவனை யாருடா மறுபடியும் வீட்டுக்குள்ள விட்டது?"

விஷயம் என்னன்னா, பிக்காசாவுல 'சேவ்' கொடுக்காத வரைக்கும் நாம பண்ற திருத்தம் போட்டோவுல ஏறாது. ஃபோல்டருக்குள்ள மறைவா இருக்கிற ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைல்ல குறிப்பாத்தான் இருக்கும். ஜேபெக் படத்தை மட்டும் காப்பி பண்ணினா அந்தக் குறிப்பு பழைய மெஷின்லயே தங்கிடும். நல்லவேளை, பழைய லேப்டாப்பை எடைக்குப் போடல. அதுல எல்லா ஃபோல்டரையும் திறந்து மொத்தமா சேவ் கொடுத்து, அப்புறம் கொண்டு வந்தோம். சம்பந்தி மறுபடி வெளிய போனார். புது மெஷினுக்கு என்ன செலவாச்சுன்னே எனக்கு ஞாபகமில்ல, அந்தக் கத்தல்தான் ஞாபகம் இருக்கு.

ரிச்சி ஸ்ட்ரீட் ரெகுலர்:

நெகட்டிவ் பெட்டி அண்ணே, 35 ஆயிரத்துக்குப் புது காம்போ எடுத்ததே எனக்கு ஒப்பலை. ஆபீஸ்ல இருந்து கழிச்ச டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி பெட்டி ஒண்ணு எடுத்திருந்தா, மிச்ச காசுல நல்ல மானிட்டரே வாங்கியிருக்கலாம்.

ஆனா அங்கேயும் கண்ணு திறந்திருக்கணும். மாமாவுக்காக அப்படி ஒண்ணு பார்க்கப் போனேன். பெட்டி மேல ஐ7 ஸ்டிக்கர் பளபளன்னு இருக்கு. "எட்டாவது ஜெனரேஷன் சார், விண்டோஸ் 11 போட்டே தர்றோம்"னான் பையன். ஆன் பண்ணச் சொல்லி, லோகோ வந்ததும் எஃப்2 தட்டினேன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு காட்டற பயாஸ் திரை வந்துச்சு. ப்ராசஸர் வரியில ஐ5-6500னு, அதாவது ஆறாவது ஜெனரேஷன்னு, நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள பையன் பவர் கேபிளை உருவிட்டான்! "லூஸ் கனெக்‌ஷன் சார்"ங்கறான். சிரிப்பு வந்துடுச்சு. ஒண்ணும் பேசாம அடுத்த கடைக்குப் போய், நிஜமாவே எட்டாவது ஜெனரேஷன் எடுத்தேன்.

அந்த நம்பர் ஏன் முக்கியம்னா, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா, இன்டெல்ல பொதுவா எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். ஏழு, ஆறுல எல்லாம் குறுக்கு வழியில ஏத்திக் கொடுப்பாங்க. அப்டேட் வர்றப்ப யார் வீட்டுக்குப் போன் வரும்? நம்ம வீட்டுக்குத்தான்.

டெர்மினல் வாத்தியார்:

மேலே சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. ஆறாவது ஜெனரேஷன் என்ன பாவம் செய்தது? ஸ்டிக்கர் மோசடி வேறு, அந்த இயந்திரம் வேறு. என் சித்தப்பாவிடம் இருப்பது அதே ஐ5-6500தான். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டேன், படம் திருத்தக் கிம்ப் போட்டேன். மனிதர் பாட்டுக்குக் கோயில் சிற்பங்களைப் படமெடுத்து, டார்க்டேபிள் என்ற மென்பொருளில் கேமராவின் ரா ஃபைலைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ராம் பற்றி ஒருவரும் கணக்கே போடவில்லை, ஆகவே நான் போடுகிறேன். 4x6 அளவுப் பிரிண்டை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400x3600, அதாவது சுமார் 86 லட்சம் பிக்சல். மூன்று நிறத்துக்கும் தலா 8 பிட் என்றால் மெமரியில் 26 எம்பி, 16 பிட் என்றால் 52 எம்பி. பத்து லேயர் போட்டாலும் 8 ஜிபி தாங்கும். தாங்காதது எது தெரியுமா? பக்கத்தில் முப்பது டேபோடு திறந்து கிடக்கும் குரோம். ராம் விற்கும் விலையில் கண்ணை மூடிக்கொண்டு 32 ஜிபி வாங்காதீர்கள். 8 ஜிபி ஒரே குச்சியாக வாங்கி, இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். தேவைப்பட்டால் அதே அளவில் இன்னொன்றைச் சொருகலாம். பழைய மெஷினில் ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் அதற்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். கிழவி குமரியான மாதிரி ஓடும். படங்களைச் சேர்த்துவைக்கத் தனியாக ஹார்ட் டிஸ்க், அதன் காப்பி இன்னொரு டிஸ்க்கில், அந்த இன்னொன்று வேறு வீட்டில். கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். விற்பவர் கேமிங் என்று பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்கேனர் வாங்கும்போது நெகட்டிவ் வைக்கும் தட்டும், மூடியில் விளக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண ஆல் இன் ஒன் பிரிண்டரில் நெகட்டிவ் வைத்தால் இருட்டுதான் வரும்.

ரிச்சி ஸ்ட்ரீட் ரெகுலர்:

வாத்தியாரே, லினக்ஸ் போடத் தெரிஞ்ச அண்ணன் மகன் எல்லா வீட்லயும் இருக்கானா? நெகட்டிவ் பெட்டி அண்ணனோட பெரியப்பா ஸ்டூடியோ நடத்தினவர். ஸ்டூடியோக்காரங்கள்ல பாதிப் பேருக்கு போட்டோஷாப் 7தான் வேதம். தழும்பு, கறை மறைக்கிற ஹீலிங் பிரஷ் வந்ததே அதுலதான். கிம்ப்பைத் திறந்தா "என் டூல் எங்கடா"ன்னு கேட்பார்.

டெர்மினல் வாத்தியார்:

அந்த 7ஐ எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று நான் கேட்டால் சண்டை வரும். பிரவுசரில் போட்டோபீ தளத்தைத் திறந்து கொடுங்கள். இலவசம், போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலும் திறக்கும், டூல்களும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும்.

திருச்சி மெயின்கார்டு கேட்:

யாராவது ஆப்பிளோட மேக் மினியைப் பத்தி யோசிச்சீங்களா? எம்4 மாடல் வந்தப்ப 59,900. பெட்டியிலேயே 16 ஜிபி. அப்பாவுக்கு வாங்கினேன். ஃபேன் சத்தமே இல்ல. அவர் ஆன் ஆயிருக்கான்னு தெரியாம பட்டனை அழுத்தி அழுத்தி ஆஃப் பண்ணிட்டே இருந்தார்.

மதுரைக்காரி:

தலைப்புல பட்ஜெட்னு இருக்குங்க. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் அந்தப் பெட்டியில வராது. எல்லாம் சேர்த்தா எங்க அத்தை சம்பந்தியையே திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க.

பேரன்:

இவ்வளவு பேர் மானிட்டர், ராம்னு பேசறீங்க, பார்க்கிற கண்ணைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை. அதான் எழுதறேன்.

எங்க தாத்தா ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவர். நீராவி இன்ஜின் போட்டோ ஏராளமா வெச்சிருக்கார். மானிட்டர் ஐபிஎஸ்தான், நல்ல பிராண்டுதான். வாரத்துக்கு நாலஞ்சு படம் சரி பண்ணி குடும்ப குரூப்ல போடுவார். நாளாக ஆக படமெல்லாம் நீலமா வர ஆரம்பிச்சது. வெள்ளை வேட்டி நீலம், வானம் நீலத்துக்கும் மேல நீலம். நான் மானிட்டரைச் சந்தேகப்பட்டு ரீசெட் பண்ணேன், கேபிளை மாத்தினேன். "எனக்கு சரியாத்தானே இருக்கு"ங்கறார்.

அப்புறம் ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆச்சு. கட்டு எடுத்து, சொட்டு மருந்தெல்லாம் முடிஞ்சு, ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தார். தன்னோட ஆல்பத்தையே திறந்தார். "எந்தப் பய இதுக்கெல்லாம் சொட்டு நீலம் போட்டது?"ன்னு என்னைத் திரும்பி முறைச்சாரு பாருங்க! நான் என்னத்தைச் சொல்ல.

புரை விழுந்த கண் லென்ஸ் மஞ்சளாப் போயிடும், நீல வெளிச்சத்தைக் குறைச்சுத்தான் உள்ள விடும். அதனால ஸ்லைடரை நீலத்துப் பக்கம் எவ்வளவு தள்ளினாலும் அவருக்கு அவ்வளவா வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. ஓவியர் மோனேவுக்கும் இதே கதைதான். 1923ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, எல்லாம் நீலமாத் தெரியுதுன்னு புலம்பினவர். அதனால 60 தாண்டினவருக்கு கம்ப்யூட்டர் வாங்கற முன்னாடி கண் டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. ஒரிஜினல் ஃபைலைத் தனியா எடுத்து வைங்க. தாத்தாவோட ஒரிஜினல் எல்லாம் என்கிட்ட இருந்ததால, இப்ப முதல்ல இருந்து சந்தோஷமா ஆரம்பிச்சிருக்கார்.

இன்னொண்ணு. பிரிண்ட் போட்டா இருட்டா வருதுன்னு லேபைத் திட்டற பெரியவங்க நிறைய. மானிட்டர் பிரைட்னஸ் கடையில இருந்து வந்தபடி முழுசா இருக்கும். அதைப் பாதிக்கும் கீழ இறக்கிட்டு, ஜன்னல் வெயில் திரையில விழாத மாதிரி மேஜையைத் திருப்பிப் போடுங்க, பாதிச் சண்டை தீரும்.

யாழ் வாசகன்:

எங்கட மாமாவின்ர கதையையும் சொல்லுறன். 95ல சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்க, மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுபோன அல்பம் ஒண்டு. ஈரம் பட்டு, படங்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டி, முகங்களில பாதி இல்லை. அதைத் திருத்தத்தான் அவருக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் வேண்டிக் குடுத்தனாங்கள். பேனல், ராம் எல்லாம் நல்லாத்தான் பாத்து எடுத்தது.

2022 பங்குனி (மார்ச்) முடிவில இலங்கையில கரண்ட் ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் நிப்பாட்டின நேரம் ஞாபகம் இருக்கும். மாமா தன்ர அம்மாவின்ர படத்தில கண்ணுக்கு மேல கிடந்த கறையை விடியக் காலமை தொடக்கம் எடுத்துக்கொண்டிருந்தவர். நான் தேத்தண்ணி கொண்டு போறன், "இந்தா, கண் வந்திட்டுது, வந்து பார்" எண்டு கூப்பிடுறார். நான் கதிரையடிக்குப் போகேக்க பட்டெண்டு கரண்ட் நிண்டிட்டுது. சேவ் பண்ணேல்லை. மனுசன் ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் தோட்டத்துக்குப் போட்டார். பின்னேரம் கரண்ட் வர திரும்பத் தொடங்கினவர். ஆனா அந்தக் காலமை வந்த கண் மாதிரி பிறகு வரேல்லை எண்டு இண்டைக்கும் சொல்லுவார். நான் பாக்காததால எனக்குத் தெரியாது.

டெர்மினல் வாத்தியார்:

டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். மானிட்டரையும் அதிலேயே மாட்ட வேண்டும். 600 விஏ போதும், சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைத்தால் சரி. பேட்டரியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால், டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு லேப்டாப்போடு வெளி மானிட்டர் வாங்குவது இன்னும் நல்லது. கன்ட்ரோல் எஸ் பழக்கத்தையும் மாமாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

யாழ் வாசகன்:

யுபிஎஸ் அந்தக் கிழமையே வேண்டிக் குடுத்திட்டன் ஐயா. கனடாவில இருக்கிற பேத்தியோட கதைக்கேக்க லைன் அறுபடக் கூடாதெண்டு மாமா அதில வைஃபை ரவுட்டரைக் கொளுவி வைச்சிருக்கிறார். கம்ப்யூட்டர் இப்பவும் சுவரிலதான்.