பழைய ஆங்கிலேய மேசைக் கடிகாரம் 10 நிமிடத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். லெஸ்டரில் இருக்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய லண்டன் கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியன் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் அரசருக்குச் செய்த மேசைக் கடிகாரத்தைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடுமாம். போன மாதம் ஏலத்தில் என் வசதிக்கு ஒன்று கிடைத்தது. கறுப்பு மரப்பெட்டி, உச்சியில் கைப்பிடி, வளைந்த தலையுள்ள பித்தளை முகப்பு. அதில் ஒரு பெயரும் 'லண்டன்' என்றும் பொறித்திருக்கிறது.

சாவி நன்றாக ஏறுகிறது. ஆனால் ஊசலை ஆட்டிவிட்டால் பத்தே நிமிடம், நின்றுவிடுகிறது. காட்டிய கடையில் "உள்ளே இயந்திரத்தை மாற்றியிருக்கிறார்கள், பழையபடி ஆக்கினால்தான் ஓடும்" என்று, வாங்கிய விலையைவிட அதிகம் கேட்டார்கள். மனசே உடைந்துவிட்டது. 12க்குக் கீழே பிறை மாதிரி ஒரு வளைந்த துளை இருக்கிறது, அது எதற்கு? பெயர் போட்டவர்தான் செய்தவரா?

பதில் 1:
பின்கதவைத் திறந்து பாருங்கள். ஊசல் எப்படித் தொங்குகிறது? மெல்லிய எஃகுத் தகட்டிலா, நேராக இயந்திரத்தின் அச்சிலேயேவா? டிக் டக் சத்தம் ஒரே சீராக வருகிறதா?

கேள்வி கேட்டவர்:
தகட்டில்தான். ஊசலின் குண்டு வட்டமாக, கனமாக இருக்கிறது. பின்தகட்டில் பூவேலைக்கு நடுவே இரண்டு துளைகளைப் பித்தளையால் அடைத்திருக்கிறார்கள். சத்தம் 'டிக்டக்… டிக்டக்…' என்று நொண்டுகிறது.

பதில் 1:
அப்படியானால் கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. முதலில் இதில் வெர்ஜ் அமைப்பு, அதாவது ஊசல் ஆட ஆடச் சக்கரத்தைப் பல் பல்லாக நகரவிடும் பழைய வகை, இருந்திருக்கும். அந்தப் பிறைத் துளையில் ஒரு சின்னப் பித்தளை வில்லை வெர்ஜ் அச்சோடு சேர்ந்து ஆடும். கடிகாரம் ஓடுவது முன்னாலிருந்தே தெரியும். பிறகு நேரம் துல்லியமாக வேண்டுமென்று, அதே வேலையை நங்கூர வடிவத் துண்டால் செய்யும் ஆங்கர் அமைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இப்படி ஏராளமாக மாற்றினார்கள். அடைத்த துளைகள் அதன் தழும்புகள்.

ஆனால் அதனால் நிற்கவில்லை. வெர்ஜ் கடிகாரம் மேசை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஓடிவிடும். அறைக்கு அறை தூக்கிப்போகத்தானே அந்தக் கைப்பிடி! ஆங்கர் அப்படிப் பொறுக்காது. ஒரு பக்கக் காலுக்கு அடியில் மடித்த காகிதத்தை ஒவ்வொன்றாகச் செருகி, சத்தம் சீராகும் வரை கேளுங்கள். சீரானால் வேறு செலவே வேண்டாம். காகிதம் இல்லாமலே ஓட வேண்டுமென்றால், ஊசலைத் தள்ளும் கம்பியை உயர்த்திய பக்கம் நோக்கி மயிரிழை அளவு வளைக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் செய்யட்டும்.

பதில் 2:
அண்ணா, சாவி ஏறிய நிலையில் உள்ளே எதையும் கழற்றிவிடாதீர்கள். கூம்பு மாதிரி இருக்கும் ஃபியூசியில் சுற்றிய சங்கிலியோ நரம்புக் கயிறோ சட்டென்று விடுபட்டால் கையும் போகும், பற்களும் போகும். சாவி முழுதாக ஏறியிருக்கும்போதும் தளர்ந்தபிறகும் விசை ஒரே அளவாக வரத்தான் அந்தக் கூம்பு. பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டித் தேயும்.

பெயரைப் பற்றி: அது விற்றவர் பெயராகவும் இருக்கலாம். முகப்பை மட்டும் நம்பாமல் பின்தகட்டையும் பாருங்கள். டாம்பியன் தன் கடிகாரங்களில் எண் பொறித்தார், அவருக்குப் பிறகு அவருடைய கூட்டாளி ஜார்ஜ் கிரகாம் அந்த வரிசையைத் தொடர்ந்தார். இருவரும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். லண்டனில் 1631இல் தொடங்கிய கடிகாரத் தொழிலாளர் சங்கத்தின் பதிவுகளில் உங்கள் கடிகாரத்திலுள்ள பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

என்னைக் கேட்டால், திரும்ப வெர்ஜ் ஆக்காதீர்கள். அந்த மாற்றமும் இதன் வயதில் ஒரு பகுதிதான்.

கேள்வி கேட்டவர்:
இடது பக்கம் மூன்று மடிப்புக் காகிதம் வைத்தேன். சத்தம் சீரானதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுத்தேன், இன்று வியாழன், இன்னும் ஓடுகிறது! ஒரு நாளைக்கு 4 நிமிடம் மட்டும் பிந்துகிறது.

பதில் 1:
குண்டின் அடியிலுள்ள திருகை அரைச் சுற்றுத் திருப்பிக் குண்டை ஏற்றுங்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, அப்புறம் இன்னும் கொஞ்சம்.