குருப்பட்டம் என்பது அனுமதிச் சீட்டா? கொரியாவை முன்வைத்து ஒரு கேள்வி

பனங்காட்டு நரி:
எங்கள் ஊர் சாமியார் (குரு) தங்காத ஒரு கத்தோலிக்கக் கிளைப்பங்கு. மாதம் இரண்டு ஞாயிறுதான் பூசை. செபமாலை, மந்திரம் சொல்லிக்கொடுப்பது, அடக்கச் செபம் என்று மீதி எல்லாம் குருப்பட்டம் பெறாத உபதேசியார்தான். போன மழைக்காலத்தில் என் பெரியம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது சாமியாருக்குப் போன் போட்டோம். மறுநாள் காலையில் வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் உபதேசியார். சாகக் கிடப்பவருக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தையை அவர் ஏன் பூசக் கூடாது?

கொரியாவைப் பாருங்கள். 1784-ல் யி சுங்-ஹுன் என்ற கொரியர் பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் வாங்கித் திரும்பினார். நாட்டில் ஒரு குருகூட இல்லை. புத்தகம் படித்த பொதுநிலையினரே, அதாவது பட்டம் இல்லாத சாதாரண விசுவாசிகளே, சபையைக் கட்டினார்கள். சில வருடங்களில் தங்களுக்குள்ளேயே குருக்களைத் தேர்ந்து பூசை வைத்தார்கள், பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டு மன்னிப்புக் கொடுத்தார்கள். வானம் இடிந்தா விழுந்தது? சபை வளர்ந்தது. அப்படியானால் பட்டம் என்பது மேலிடம் தரும் அனுமதிச் சீட்டு என்பதைத் தவிர வேறென்ன?

கரைவலை:
பெரியம்மா விஷயம் வருத்தமானது. ஆனால் கொரியாவைப் பாதிக் கதையில் விட்டுவிட்டீர்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கே, அதே புத்தகங்களைத் திரும்பப் படித்தபோது, "இந்த அதிகாரத்தை நமக்கு யார் தந்தது?" என்று உறுத்தியது. 1789-ல் பெய்ஜிங் ஆயருக்கு (பிஷப்) ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். அதோடு விடாமல், ஒரு குருவை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1794 கடைசியில் ஜோ வென்மோ என்ற சீனக் குரு ஒளிந்து எல்லை தாண்டி வந்தபோது சுமார் 4000 பேர் காத்திருந்தார்கள். 1801-ல் அவரைக் கொன்றார்கள். வெறும் சீட்டுக்கா இவ்வளவும்?

சாம்பல் புதன்:
கீழ்ப்படிந்தார்கள், அவ்வளவுதான். செய்தது தவறு என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதே ஆயர்தான் மறுவருடம் முன்னோர் வணக்கத்தையும் தடுத்தார். அதன் விளைவாக 1791-ல் இரண்டு பேர் தலை போனது. முன்னோர் வணக்கம் உள்ளிட்ட சீனச் சடங்குகள் மீதான தடையை ரோமையே 1939-ல் தளர்த்தியது. ஆக, பெய்ஜிங்கிலிருந்து வந்ததெல்லாம் வேதவாக்கு இல்லை.

ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1614-ல் கிறிஸ்தவத்துக்குத் தடை. அப்புறம் தலைமுறை தலைமுறையாகக் குரு இல்லை. 1865-ல் நாகசாகி ஓவுரா கோவிலுக்கு ஒளிவாக விசுவாசத்தைக் காத்துவந்த உராகாமி ஊர்க்காரர்கள் வந்து "எங்கள் நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்று" என்று பெத்திஜான் என்ற பிரெஞ்சுச் சாமியிடம் சொன்னார்கள். விசுவாசத்தைக் காப்பாற்றியது யார்? பட்டம் இல்லாதவர்கள்.

நாலாம் பெஞ்சு:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்ல), நடுவே வருவதற்கு மன்னிக்கவும். "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" என்று பேதுரு எழுதியது எல்லா விசுவாசிக்கும்தானே?

கரைவலை:
ஐயா, எல்லாருக்கும்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-ல் அதைத்தான் சொன்னது. ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு. பணிக் குருத்துவம் அதிலிருந்து அளவில் மட்டுமல்ல, தன்மையிலேயே வேறு. 'மேல்' என்று படிக்காதீர்கள், வேறு வகை.

ஜப்பான் என் பக்கத்துக்குத்தான் பேசுகிறது. அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது திருச்சபை எப்போதும் சொல்வது. பாவசங்கீர்த்தனத்துக்கு வழியில்லாததால் 'கொஞ்சிரிசான்' சொன்னார்கள், நம் உத்தம மனஸ்தாப மந்திரம் மாதிரி. குரு வருவார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். இலையைப் போட்டுக் காத்திருந்தார்கள், தாங்களே பரிமாறிக்கொள்ளவில்லை.

பட்டம் என்றால் என்ன என்பதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். என் வகுப்புத் தோழன் பட்டம் வாங்கிய அன்று பெஞ்சில் இருந்தேன். புனிதர்கள் பிரார்த்தனை முடியும்வரை குப்புற விழுந்து கிடந்தான். பிறகு ஆயர் தலைமேல் இரண்டு கையையும் வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. பாட்டுக்குழுவும் வாயை மூடிக்கொண்டது. 1947-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தெளிவாக்கியது இதைத்தான்: கிண்ணமும் தட்டும் கையில் கொடுப்பதில் பட்டம் இல்லை, கை வைப்பதிலும் அதைத் தொடரும் செபத்திலும் இருக்கிறது. தன் தலையில் தானே கை வைத்துக்கொள்ள யாராலும் ஆகாது. பாப்பரசரே ஆனாலும் தன் பாவத்தைத் தானே மன்னிக்க முடியாது, இன்னொரு குரு முன்னால் முழந்தாள் போட வேண்டும். அவர் கையில் இருப்பது அவருக்கு உதவாது, எதிரே இருப்பவனுக்குத்தான் உதவும். கொரியாக்காரர்களுக்கு உறுத்தியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாம்பல் புதன்:
அழகாகச் சொன்னீர்கள். ஆனால் ஜப்பானில் ஒரு பகுதி மக்கள் குருக்கள் வந்த பிறகும் திரும்பவில்லை, தாத்தா வழியே போதும் என்று இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு இலை காலியாகத் தெரியவில்லை.

அடுத்தது, பட்டம் அழியாத முத்திரை, குருவின் கையால் செயல்படுவது கிறிஸ்துவே என்கிறது திருச்சபை. ஒரு பங்கில் திருவிழாக் கணக்குக் கேட்டதற்குப் பிரசங்கத்திலேயே எங்கள் குடும்பத்தை வைது தீர்த்தார் ஒருவர். அவர் கையிலும் கிறிஸ்துவா?

மாதரசி:
இவ்வளவு பேசியும் பெண் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஞானஸ்நானம் நானும் கொடுக்கலாம், ஆனால் பட்டம் கிடையாது. 1994-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான்பால் கதவைச் சாத்தினார். அந்தக் 'கை' ஏன் ஆண் தலையில் மட்டும்?

கரைவலை:
மாதரசி அக்கா, திருச்சபை சொல்லும் பதில், இயேசு பன்னிருவரையும் ஆண்களாகவே தேர்ந்தார், அதை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது. உங்களுக்கு அது போதாது என்று தெரியும். தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன்.

சாம்பல் புதனுக்கு: ஆமாம், அவர் கையிலும். இந்தச் சண்டை 4-ம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலேயே நடந்தது. துன்புறுத்தலில் வேதநூல்களை ஒப்படைத்த ஆயர் கை வைத்துக் கொடுத்த பட்டம் செல்லாது என்றார்கள் தொனாத்தியர். யூதாஸ் ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார் அகுஸ்தீன். முத்திரை அந்த ஆளுக்குப் போட்ட கவசம் இல்லை. தப்பு செய்தவரைப் பணியிலிருந்து நீக்கலாம், குருநிலையையே பறிக்கலாம். அப்படி நீக்கப்பட்டவரும், சாகக் கிடப்பவர் கேட்டால், பாவமன்னிப்புத் தரலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 976. பலன் யாருக்கு என்று பாருங்கள்.

சாம்பல் புதன்:
பலன் எனக்கு, வசவும் எனக்கு. சரி, நீங்கள் சொல்லும் இறையியலில் ஓட்டை இல்லை. ஆட்களை வைத்துத்தான் என் சண்டை.

பனங்காட்டு நரி:
எனக்குப் பதில் பாதி கிடைத்தது. நேற்று ஞாயிறு, பூசை இல்லை. உபதேசியார் வாசகம் வாசித்து, நற்கருணைப் பேழையைத் திறந்தார். பதினைந்து நாளுக்கு முன் சாமியார் வைத்த பூசையில் மீந்த நற்கருணை அப்பம் இருபதோ என்னவோ. வரிசையில் அறுபதுக்கும் மேல் ஆட்கள். ஒவ்வொன்றையும் மூன்றாக ஒடித்துக் கொடுத்தார். கடைசியில் நின்ற நாலைந்து பேருக்கு வரவில்லை. கையை விரித்துக் காட்டிவிட்டுப் பேழையைப் பூட்டினார்.