மேலமாசி வீதி வீடு (குடும்பக் குழு): செந்தில் கடைக்கு மிட்டாய் மெஷின்

சனிக்கிழமை

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். லாண்ட்ரிக் கடையில் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு மிட்டாய் மெஷின் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

செந்தில்: [புகைப்படம்]

செந்தில்: இதுதான் ஆசை. ஆள் உயரம் இருக்கும். குவார்ட்டர் போட்டால் பபிள்கம் உருண்டை அந்தச் சுருள் பாதையில் சுற்றிச் சுற்றிக் கீழே வரும்.

மாமா: குவார்ட்டர் போட்டால் மிட்டாய் வருமா! இங்கே குவார்ட்டர் போட்டால் வேறு கதை ஆகிவிடும்.

செந்தில்: 😀 மாமா, இது 25 சென்ட் காசு.

அத்தை: காலங்காத்தால உங்க மாமாவுக்குப் பேச்சைப் பார். செந்தில், கடையில் ஆள் இல்லாமலே காசு வாங்கிக்கொண்டு மிட்டாய் கொடுக்குமா?

மாமா: மதுரை ஜங்ஷனில் எடை பார்க்கிற மெஷின் இருந்ததே, அது மாதிரிதான். சக்கரம் சுற்றும், பல்பு எரியும், எடையும் ஜோசியமும் போட்டு ஒரு அட்டை வந்து விழும். எடையை விட்டுவிட்டு ஜோசியத்தைத்தான் முதலில் படிப்போம்.

பிரபு: மாமா, இங்கே அமெரிக்காவிலும் அது ரயில் பிளாட்பாரத்தில்தான் ஆரம்பித்தது. 1888இல் தாமஸ் ஆடம்ஸின் கம்பெனி நியூயார்க் ரயில் பிளாட்பாரங்களில் சூயிங் கம் மெஷின் வைத்தது. உருண்டை கம் எல்லாம் அப்புறம் வந்தது.

பிரபு: செந்தில், அந்தச் சுருள் மெஷினை மறந்துவிடு. மால் வாசலுக்கு அது சரி, தினமும் புது முகம் வரும். உன் கடைக்கு வாரா வாரம் வருவது அதே குடும்பங்கள். மூன்றாவது வாரம் உருண்டை சுற்றுவதைப் பார்க்க யார் காசு போடுவார்கள்? சுருளைத் துடைக்கிற வேலை வேறு.

செந்தில்: அப்போ எதை வாங்குவது அத்தான்? நெட்டில் பார்த்தால் நூறு வகை இருக்கிறது.

பிரபு: மெஷினை அப்புறம் பார். உள்ளே என்ன போடப் போகிறாய் என்று முதலில் முடிவு செய். அடியில் ஒரு சக்கரம் இருக்கும், எல்லாம் அதில்தான். கம் உருண்டைக்கு ஒரு மாதிரி, சின்னச் சின்ன மிட்டாய்க்கு ஒரு மாதிரி, பொம்மை அடைத்த டப்பிக்கு ஒரு மாதிரி. மிட்டாய்ச் சக்கரத்தில் மட்டும் ஒரு திருகுக்கு எத்தனை விழ வேண்டும் என்று கூட்டிக் குறைக்கலாம். கம் சக்கரத்தில் மிட்டாயைக் கொட்டினால் ஒன்று சிக்கும், இல்லையென்றால் கை நிறையக் கொட்டும்.

பிரபு: லாபம் கம்மில்தான் அதிகம். ஒரு இஞ்ச் உருண்டை பெட்டிக்கு 850. குவார்ட்டர் வீதம் விற்றால் 212 டாலர் 50 சென்ட். நான் கடைசியாகப் பெட்டி வாங்கியது 45 டாலருக்கு.

மாமா: மாப்பிள்ளை, முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தேன். இப்படி ஒரு லாபத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பிரபு: பெட்டி எத்தனை மாதத்தில் காலியாகும் என்று கேளுங்கள் மாமா, அங்கேதான் இருக்கிறது விஷயம்.

மீனா: ஒரு நிமிஷம். துணி துவைக்கிற கடையில் பபிள்கம்மா? இரண்டு பேருக்கும் மறந்துவிட்டதா?

பிரபு: ஐயோ. வேட்டி.

அத்தை: என்ன வேட்டி?

மீனா: கவின் மென்ற கம்மைக் காகிதத்தில் சுற்றி டிராயர் பைக்குள் வைத்திருக்கிறான். நான் பார்க்காமல் துணி காய வைக்கிற டிரையரில் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு எடுத்த வெள்ளை வேட்டி முழுக்க ரோஸ் கலர் இழை. டிரம்முக்குள் தலையை விட்டு, ஐஸ் கட்டியை வைத்துத் தேய்த்து, பழைய பிளாஸ்டிக் கார்டால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். என் வீட்டு டிரையர் என்பதால் போயிற்று. செந்தில் கடையில் அடுத்து வருகிறவளின் பட்டுப் பாவாடை அதில் சுற்றினால்?

செந்தில்: அக்கா சொன்ன பிறகு வயிற்றைக் கலக்குகிறது. பன்னிரண்டு டிரையர் இருக்கிறது.

பிரபு: நான் யோசிக்கவே இல்லை. என் மெஷின் எல்லாம் முடி வெட்டும் கடையிலும் டயர் கடையிலும்தான் இருக்கின்றன. சரி, கம் வேண்டாம். சாக்லேட்டும் வேண்டாம், அந்தச் சூட்டில் உருகிவிடும். வேர்க்கடலை கலந்ததும் வேண்டாம், அலர்ஜி உள்ள பிள்ளைகள் வருவார்கள்.

மாமா: கடைக்குள் ஈரப்பதம் இருக்குமே. ஆடி மாதக் காற்றில் என் ஜாடியில் தேன் மிட்டாய் ஒட்டிக்கொண்டு அடையாக வந்துவிடும்.

பிரபு: அதேதான். ஜெல்லி மாதிரி மிட்டாய் எல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சக்கரத்தை இறுக்கிவிடும். கெட்டி மிட்டாய் போடு. அதையும் கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். நிறையக் கொட்டி வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் அடியில் கிடப்பது பழசு.

அத்தை: முட்டை, மாட்டு எலும்பு எதுவும் கலக்காததாகப் பார்த்துப் போடுப்பா.

மீனா: மெத்துமெத்தென்று இருப்பதில்தான் பெரும்பாலும் ஜெலட்டின், அத்தை. கெட்டி மிட்டாயில் பளபளப்புக்குப் பூசுவதைப் பார்க்க வேண்டும். லேபிளில் கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ் என்று போட்டிருந்தால் அது அரக்கு.

அத்தை: அரக்கா! கதவுக்கு அடிக்கிறதா?

மீனா: அதே பூச்சி கொடுக்கிற அரக்குதான். கார்னாபா மெழுகு என்று இருந்தால் அது ஒரு பனை மரத்து இலையிலிருந்து எடுப்பது.

அத்தை: பனை என்றால் சரி.

ஞாயிற்றுக்கிழமை

செந்தில்: நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். மெஷின் அவருடையதாம், மிட்டாயும் அவரே நிரப்புவாராம், எனக்கு வசூலில் 25 சதவீதம். இல்லையென்றால் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறேன், உங்களுக்குக் கமிஷன் கிடையாது என்கிறார்.

பிரபு: ஸ்டிக்கர் விஷயம் எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் மெஷினுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை மட்டும்தான் அந்த ஸ்தாபனத்துக்குப் போகும். காசு போடுகிறவர்கள் மொத்தமும் தர்மத்துக்கு என்று நினைப்பார்கள். இடம் உன்னுடையது, சில்லறை மாற்றும் மெஷினும் பக்கத்தில் இருக்கிறது, துணி காய்கிற நேரத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நீயே வாங்கு.

செந்தில்: புதுசா, பழசா?

பிரபு: நல்ல கம்பெனி என்றால் பழசே போதும். இலினாயில் செய்த நார்த்வெஸ்டர்ன், கனடா பீவர், ஓக் மூன்றுக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது. பெயர் தெரியாத பிளாஸ்டிக் மெஷினை வாங்காதே, காசு போடும் பகுதி முதலில் போய்விடும். குடுவை பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடி அழகுதான், ஒரு துணிக்கூடை இடித்தால் தீர்ந்தது.

மீனா: சாவி கதையைச் சொல்லுங்கள்.

பிரபு: சொல்லாமல் விடுவாளா. என் முதல் மெஷினை 30 டாலருக்குப் பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் வாங்கினேன். சாவியைத் தேடி அனுப்புகிறேன் என்றார்கள், வரவே இல்லை. பூட்டைத் துளைக்க வந்த ஆளுக்கு 85 டாலர் கொடுத்தேன். உள்ளே இரண்டு டாலர் இருந்தது. கையில் சாவி இல்லாமல் காசு கொடுக்காதே.

மாமா: இரட்டைத் தலை உள்ளது இருக்கிறதா? ஒன்றில் மிட்டாய், ஒன்றில் விளையாட்டுச் சாமான். தின்னக் கூடாது என்கிற அம்மாகூட விளையாட்டுச் சாமானுக்குக் காசு கொடுப்பாள். பிள்ளையின் கண் உயரத்துக்கு வை, அப்பன் கண் உயரத்துக்கு இல்லை.

பிரபு: மாமா, உங்களை டாலஸுக்குக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பிரபு: ரப்பர் பந்து போடு செந்தில், ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இரண்டு குவார்ட்டர் வைக்கலாம். ஆனால் 1.75 இஞ்சுக்குக் குறைந்த பந்து என்றால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும் என்ற எச்சரிக்கை மெஷின் மேலேயே இருக்க வேண்டும். அது சட்டம். உணவு விற்க உங்கள் ஊரில் அனுமதி வேண்டுமா என்பதை டவுன்ஷிப் ஆபீசில் கேட்டுவிடு.

நான்கு வாரம் கழித்து

செந்தில்: [புகைப்படம்]

செந்தில்: இரட்டைத் தலை பீவர், சாவியோடு 110 டாலர். வைத்து மூன்று வாரம் ஆயிற்று, இன்றைக்குத்தான் திறந்தேன். எண்ண உட்கார்ந்தால் கடைக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பிரபு: எண்ணாதே, எடை போடு. ஒரு குவார்ட்டர் 5.67 கிராம். ஒரு பவுண்டுக்குச் சரியாக 80 காசு, அதாவது 20 டாலர்.

மாமா: கடைசியில் எடை மெஷினுக்கே வந்துவிட்டீர்கள்.

செந்தில்: மிட்டாய்ப் பக்கம் ஒரு பவுண்டு ஒரு அவுன்ஸ். பந்துப் பக்கம் இரண்டு பவுண்டு இரண்டு அவுன்ஸ். மொத்தம் 63 டாலர் 75 சென்ட். மாமா சொன்ன மாதிரியே பந்துதான் இரண்டு மடங்கு.

அத்தை: பந்து எல்லாம் கடைக்குள்ளேதானே உருளும்?

செந்தில்: அதை ஏன் கேட்கிறீர்கள் அத்தை. செவ்வாய்க்கிழமை 7ஆம் நம்பர் டிரையர் டக் டக் என்று அடித்தது. பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக்குக்குப் போன் செய்யப் போனேன். சும்மா திறந்து பார்த்தால் ஒரு பச்சைப் பந்து, சுடச்சுட.

மீனா: அது பபிள்கம்மாக இருந்திருந்தால்?

செந்தில்: அதையேதான் நானும் நினைத்தேன் அக்கா.

மாமா: பந்தை என்ன செய்தாய்?

செந்தில்: ஒரு பையன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். ஆறட்டும் என்று சொல்லி அவன் கையில் கொடுத்தேன்.