அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டும் போன் நிஜமா, மோசடியா? எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கண், பல், சர்க்கரை என்று மாறி மாறி டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கும். நினைவூட்டி வரும் போன், மெசேஜ் எல்லாவற்றையும் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். எடுக்காவிட்டால் நிஜமான அழைப்பு தவறிப்போகிறது, எடுத்தால் பயம்.

நேற்று வந்த மெசேஜ்: "உங்கள் அப்பாயின்ட்மென்ட் ரத்தாகிவிடும். உறுதிசெய்ய இந்த லிங்க்கில் கட்டணம் செலுத்தவும்." எந்த டாக்டர், என்ன தேதி, ஒன்றுமே இல்லை. அழித்துவிட்டோம். ஓடிபி, கார்டு எண் கேட்டால் மோசடிதான் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

குழப்பம் வேறு இடத்தில். நிஜமான கிளினிக்கிலிருந்து பேசுகிறவர்களும் "பிறந்த தேதி சொல்லுங்க" என்கிறார்கள். திரையில் தெரியும் எண்ணையே போலியாகக் காட்ட முடியும். போலி மெசேஜ் சில சமயம் பழைய நிஜ மெசேஜ்களுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் எண்ணைச் சேமித்து வைத்தால் மட்டும் போதாது. இப்போதைக்கு, எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் லைன் கிடைப்பதற்குள் அம்மா சோர்ந்துவிடுகிறார், பாவம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? நினைவூட்டலைப் பிள்ளைகள் எண்ணுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டா? டாக்டர் பெயரையும் தேதியையும் முதலில் அவர்களையே சொல்லச் சொன்னால் போதுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.